அம்பு இடப்பக்கம் விலகுகிறது: வில்லை அராவலாமா?

நாற்பதுகளின் நடுவில் இருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வலக்கைக்காரரான அவர், மரமும் கண்ணாடியிழையும் அடுக்கி ஒட்டிய ரீகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) ஒன்றில் ஓராண்டாகப் பழகிவருகிறார். வில்லில் குறிகாட்டி எதுவும் இல்லை. கைப்பிடிக்கு மேலே வெட்டப்பட்டிருக்கும் தாங்கு விளிம்பிலேயே அம்பை வைத்து எய்கிறார். 28 அங்குல இழுப்புக்கு 45 பவுண்டு என்று வில்லின் மீது எழுதியிருக்கிறது. முதலில் வாங்கிய அம்புகள் ஸ்பைன் (தண்டின் விறைப்பைக் காட்டும் எண்) 600 கொண்ட கார்பன் அம்புகள்; 30 அங்குல நீளம், 125 கிரெய்ன் (ஏறத்தாழ 8 கிராம்) முனை, பறவை இறகு. அவை பதினைந்து மீட்டரில் ஓரளவு ஒன்றுகூடி விழுந்தன. ஆனால் பறக்கும்போது வால் அசைவது கண்ணுக்குத் தெரிந்தது. பயிற்சி அரைமணி நேரத்தைத் தாண்டியதும் அம்புகள் இடப்பக்கமும் கீழேயுமாக இறங்கத் தொடங்கின. வால் அசைந்தால் தண்டு தளர்வானது என்று ஒருவர் சொல்ல, ஸ்பைன் 400 அம்புகளை வாங்கினார். நீளமும் முனையின் எடையும் பழையபடியே இருக்க, பறவை இறகுக்குப் பதிலாக பிளாஸ்டிக் இறகு ஒட்டப்பட்டு வந்தவை அவை. இப்போது எல்லா அம்பும் இடப்பக்கமே போகின்றன. விடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. வில்லை ஒட்டிச் செல்லும் இறகு ஒன்றின் விளிம்பு தேய்கிறது. பெரிய இறகு ஒட்டு என்கிறார் ஒருவர். இந்த அம்புகளுக்கு 55 பவுண்டு வில்தான் பொருந்தும் என்கிறார் இன்னொருவர். வாசகரோ, அம்பு உரசும் பக்கச் சுவரை அரம் கொண்டு சிறிது உள்ளே அராவிவிடலாம் என்று எண்ணியிருக்கிறார். "தவறு என்னுடையதா, வில்லுடையதா, அம்பினுடையதா?" என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

அரத்தை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். வில்லில் செய்யும் மற்ற எல்லா மாற்றங்களையும் திருப்பிக்கொள்ளலாம். அராவியதை மட்டும் திருப்ப முடியாது. உங்கள் கடிதத்தில் வில்லைக் குற்றம் சொல்ல ஒரு சான்றும் எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் இரண்டு விவரங்கள்தான் என் கவனத்தைப் பிடித்தன. ஒன்று, அரைமணி நேரத்துக்குப் பிறகு அம்புகள் இடப்பக்கமும் கீழேயும் இறங்கின என்பது. மற்றொன்று, புதிய அம்புகளில் இருப்பது பிளாஸ்டிக் இறகு என்பது. கேள்வியாக நீங்கள் கேட்டவற்றைவிட இவ்விரண்டும் அதிகம் சொல்கின்றன.

வால் அசைவது குற்றமா?

அம்பு நாணைவிட்டு நேர்க்கோடாகப் புறப்பட வேண்டும் என்ற எண்ணத்திலிருந்துதான் உங்கள் குழப்பம் தொடங்கியிருக்கிறது. விரலால் நாணை விடும் வில்லில் அது நடக்காது. விரல்களிலிருந்து உருண்டு விடுபடும் நாண் ஒரு நொடியின் சிறு பகுதிக்குப் பக்கவாட்டில் விலகுகிறது. வலக்கைக்காரருக்கு அந்த விலகல் இடப்புறம் நிகழும். அதே கணத்தில் பின்னாலிருந்து பெரும் விசை தள்ளுவதால், தண்டின் நடுப்பகுதி முதலில் வில்லை நோக்கி வளைகிறது; அடுத்து எதிர்ப்புறம் வளைந்து, வாலை வில்லில் படாமல் சுற்றிக் கொண்டுபோகிறது; அதன் பிறகும் சில முறை இருபுறமும் அதிர்ந்து, இறகின் இழுப்பால் அமைதியடைகிறது. வில்லின் அகலம் குறுக்கே நிற்கும்போதும் அம்பு குறியை நோக்கிப் போவதற்குக் காரணம் இந்த வளைவே. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதிவேகப் படப்பிடிப்பின் மூலம் இதைத் தெளிவாகப் பதிவுசெய்து காட்டினார்.

ஆகவே, புறப்பட்ட முதல் சில மீட்டர்களில் வால் அசைவது இயல்பு. அது பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் அடங்கிவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. இலக்குவரை அடங்காமல் போனால்தான் ஆராய வேண்டும். இடவலமாக அசைந்தால் ஸ்பைனையும் விரல் விடுப்பையும் பாருங்கள். மேல்கீழாகத் துள்ளினால் நாணில் அம்பு பூட்டும் உயரத்தைப் பாருங்கள். எப்படி அசைந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பழைய அம்புகள் பதினைந்து மீட்டரில் ஒன்றுகூடி விழுந்தன என்பதை வைத்துப் பார்த்தால், அன்றைக்கு இருந்தது பெரிய கோளாறாக இருந்திருக்காது என்றே சொல்வேன்.

ஸ்பைன் எண் பெரிதானால் தண்டு விறைப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். கார்பன் அம்புகளில் உண்மை தலைகீழானது. 28 அங்குல இடைவெளியில் இரு முனைகளைத் தாங்கி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடும்போது தண்டு எத்தனை அங்குலம் தொய்கிறது என்பதே அந்த எண். 0.600 அங்குலம் தொய்வது 600, 0.400 அங்குலம் மட்டும் தொய்வது 400. மர அம்புகளுக்கு முறை வேறு. 26 அங்குல இடைவெளியில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, கிடைக்கும் தொய்வால் 26ஐ வகுத்து, விடையைப் பவுண்டுக் கணக்கில் சொல்வார்கள். அங்கே பெரிய எண் விறைப்பைக் குறிக்கும். இரண்டும் மேசைமேல் அசையாமல் கிடக்கும் தண்டை அளப்பவை. வில்லில் பூட்டியபின் அதே தண்டு எவ்வளவு வளையும் என்பது அதன் நீளம், முனையின் எடை, உங்கள் கையில் உண்மையில் இருக்கும் இழுவிசை, வில்லின் பக்கச்சுவர் மையத்துக்கு எவ்வளவு நெருங்கி வெட்டப்பட்டிருக்கிறது என்பவற்றைப் பொறுத்து மாறும்.

உங்கள் கையில் இருப்பது 45 பவுண்டு அல்ல

வில்லின் மீது எழுதியிருப்பது 28 அங்குல இழுப்புக்கு உரிய அளவு. அந்த 28ஐ எப்படி அளக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: கைப்பிடியின் மிக ஆழமான இடத்திலிருந்து நாண்வரை 26¼ அங்குலம் அளந்து, அதனுடன் 1¾ அங்குலத்தைக் கூட்டுகிறார்கள். அதற்குக் கீழே ஒவ்வோர் அங்குலம் குறையும்போதும் இந்த வகை வில்லில் ஏறத்தாழ 2 முதல் 3 பவுண்டு குறையும். சாதாரண உயரமுள்ள பலர், குறிப்பாக நாணை முகத்துக்குக் கொண்டுவந்து உடனே விட்டுவிடுகிறவர்கள், 28 அங்குலத்தை எட்டுவதில்லை. நீங்கள் 26½ அங்குலம் இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் உங்கள் விரல்களில் இருப்பது 41 பவுண்டு அளவுதான்.

இப்போது உங்கள் அரைமணி நேரக் கணக்குக்கு வருகிறேன். தோள் களைக்கும்போது இழுப்பு ஓர் அங்குலம் குறைகிறது; எய்பவருக்கு அது தெரிவதேயில்லை, ஏனென்றால் களைத்த தசைக்குக் குறைந்த எடையும் முழு எடையாகவே தோன்றும். இழுவிசை குறைந்தால் அம்பின் வேகம் குறையும். அம்பு கீழே விழும். அதே அம்பு, குறைந்த விசைக்கு முன்னால், கூடுதல் விறைப்புள்ள அம்பைப் போல நடந்துகொள்ளும். வலக்கைக்காரருக்கு விறைத்த அம்பு இடப்பக்கம் போகும். இடப்பக்கமும் கீழேயும் ஒருசேர இறங்கியதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அம்பு தளர்வாக இருந்திருந்தால் அது வலப்பக்கம் போயிருக்க வேண்டும். அந்த நேரத்தில் உங்களுக்குக் கிடைத்த ஆலோசனை, ஏற்கெனவே விறைப்பாக நடந்துகொள்ளத் தொடங்கியிருந்த அம்பை இன்னும் விறைப்பாக்கச் சொல்லியிருக்கிறது.

இதை ஊகமாக விட்டுவிட வேண்டாம், அளந்துவிடலாம். வெட்டாத நீளமான அம்புத்தண்டு ஒன்றில் அரை அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பக்கவாட்டில், வில்லுக்குப் பின்னால் பாதுகாப்பாக நிற்கும் நண்பர் ஒருவரை, நீங்கள் நாணை விடும் கணத்தில் வில்லின் முன்பக்கத்தில் எந்தக் கோடு நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பயிற்சியின் தொடக்கத்தில் சில அம்புகளுக்கும் களைத்தபின் சில அம்புகளுக்கும் இதைச் செய்யுங்கள். நிதானமாக நின்று, அளப்பதற்கென்றே இழுத்துக் காட்டும் நீளத்தை நம்பாதீர்கள். அளக்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் நெஞ்சை விரித்து ஓர் அங்குலம் கூட்டித்தான் இழுப்பார்கள். பிறகு அந்த உண்மையான நீளத்தில் ஒரு தொங்கு தராசைக் கொண்டு இழுவிசையை அளந்தால், அம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டிய எண் கையில் வந்துவிடும். நாணில் அம்பைப் பூட்டாமல் இழுத்து விட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் அப்போது மறக்க வேண்டாம். வெறும் நாணை விடுவது வில்லையே உடைத்துவிடக்கூடும்.

புதிய அம்புகள் ஏன் மோசமாகின?

இங்கே நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினீர்கள்: ஸ்பைனையும் இறகையும். ஆகையால் எது எதனால் விளைந்தது என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விட்டது. 41 பவுண்டுக்கு முன்னால், 30 அங்குல நீளத்தில், 125 கிரெய்ன் முனையோடு வரும் 400 அம்பு மிகவும் விறைப்பானது. அது இடப்பக்கம் போவதில் வியப்பில்லை. ஆனால் 'டக்' என்ற சத்தத்துக்கும் தேய்ந்த விளிம்புக்கும் பிளாஸ்டிக் இறகே முதல் காரணமாக இருக்க வேண்டும்.

தாங்கு விளிம்பிலிருந்து நேரடியாக எய்யும் வில்லுக்குப் பறவை இறகைத்தான் பயன்படுத்த வேண்டும். பறவை இறகு வில்லில் உரசும்போது மடங்கிப் படுத்து, கடந்ததும் நிமிர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் இறகு மடங்குவதில்லை. அது விளிம்பிலும் சுவரிலும் மோதி, அம்பின் வாலை எதிர்ப்புறம் எற்றிவிடும். அப்படி எற்றப்பட்ட அம்பு எந்தப் பக்கம் போனாலும் அதை வைத்து ஸ்பைனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இதில் ஒரு பெரிய பொறியும் இருக்கிறது. மிகத் தளர்வான அம்புகூட வளையும் வேகத்தில் வில்லின் சுவரில் அடித்து இடப்பக்கம் தெறித்து, விறைத்த அம்பைப் போல வேடம் போடும். அதனால் எந்தச் சோதனைக்கும் முன்னால் உரசல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தாங்கு விளிம்பிலும் பக்கச்சுவரிலும் முகப்பவுடரை மெல்லப் பூசி ஒரு சில அம்புகளை விடுங்கள். எங்கே கோடு விழுகிறது, இறகிலும் தண்டின் பின்பகுதியிலும் எங்கே பவுடர் ஒட்டியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். பறவை இறகு சிறிது உரசலாம். தண்டின் பின்பாதி உரசக் கூடாது.

பெரிய இறகு ஒட்டும் யோசனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இறகு பெரிதானால் வால் விரைவில் நேராகும். கூடவே காற்றுத்தடையும் கூடும். பொருந்தாத தண்டின் கோளாறு அதனால் மறையுமே தவிரத் தீராது. பொருத்தம் சரியான பின், நான்கு அங்குல இறகுகள் மூன்று உங்கள் தேவைக்குப் போதும். வலச்சிறகு, இடச்சிறகு இறகுகளை ஒரே அம்பில் கலக்கக் கூடாது. எந்தச் சிறகு என்பதற்கும் நீங்கள் எந்தக் கையால் எய்கிறீர்கள் என்பதற்கும் தொடர்பில்லை.

சோதிக்க வேண்டிய வரிசை

பழைய 600 அம்புகளை இன்னும் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அவற்றுடனேயே தொடங்குங்கள். ஒவ்வோர் அம்புக்கும் ஓர் எண் எழுதுங்கள். எப்போதும் ஒரே அம்பு மட்டும் தனியே விலகினால் அது அந்த அம்பின் கோளாறு. எல்லாம் சேர்ந்து விலகினால் பொருத்தத்தின் அல்லது எய்பவரின் கோளாறு. எய்வதற்கு முன் ஒவ்வொரு கார்பன் தண்டையும் முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து, எல்லாப் பக்கமும் மெல்ல வளைத்தும் முறுக்கியும் பாருங்கள். நெரியும் ஓசை வந்தால், மேலே கீறல் தெரியாவிட்டாலும், அதை ஒடித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் தண்டு விடும்போது பிளந்து வில் பிடித்த கையில் பாயக்கூடும்.

முதலில் நாணின் உயரம். கைப்பிடியின் ஆழமான இடத்துக்கும் நாணுக்கும் உள்ள தூரம் ரீகர்வ் வில்லில் பெரும்பாலும் 7 முதல் 9 அங்குலத்துக்குள் இருக்கும். உங்கள் வில்லைச் செய்தவர் சொல்லும் எல்லைக்குள் நின்றுகொள்ளுங்கள். புதிய நாண், அதுவும் டாக்ரான் என்ற செயற்கை இழையாலான நாண், தொடக்கத்தில் நீளும். நாளுக்கு நாள் உயரம் இறங்கினால் எந்தச் சோதனையும் நிலைக்காது. நாணை முறுக்கினால் உயரம் கூடும். எய்யும்போது எழும் ஓசையும் அதிர்வும் மிகக் குறைவாக இருக்கும் உயரத்தைக் கண்டுபிடித்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அம்பு பூட்டும் இடம். வில்லாளர்கள் நாக் என்று சொல்லும் அம்பின் பின்பிளவு, தாங்கு விளிம்பிலிருந்து நாணுக்குச் செங்குத்தாக வரும் கோட்டைவிட அரை அங்குலம் மேலே இருக்குமாறு தொடங்குங்கள். மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவரானால் இன்னும் சிறிது மேலே தேவைப்படலாம். அப்படி இழுக்கும்போது அம்பு நாணில் கீழ்நோக்கிச் சறுக்கும் என்பதால், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தடைமுடிச்சுகள் கட்டுவது நல்லது. பின்பிளவு நாணை எவ்வளவு இறுக்கமாகக் கவ்வுகிறது என்பதையும் பாருங்கள். அம்பைப் பூட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் தானாக விழக் கூடாது. நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிட வேண்டும். இறுகக் கவ்வும் பிளவு அம்பை விடாமல் இழுத்து, காரணம் தெரியாத விலகல்களை உண்டாக்கும். பலரும் கடைசியில்தான் இதைப் பார்க்கிறார்கள்.

பிறகு இறகில்லாத அம்புச் சோதனை. ஒரே தொகுதியில் இரண்டு அம்புகளின் இறகைச் செதுக்கி எடுத்துவிடுங்கள். இறகின் எடைக்கு ஈடாக அதே இடத்தில் சிறிது ஒட்டுநாடா சுற்றுங்கள். எட்டுப் பத்து மீட்டரில், அகலமான இலக்குக்கும் நல்ல பின்தடுப்புக்கும் முன்னால், இறகுள்ளவற்றையும் இல்லாதவற்றையும் மாறி மாறி எய்யுங்கள். களைப்பு வருவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஓர் அம்பைக் கொண்டு முடிவெடுக்க வேண்டாம். பல சுற்றுகளில் ஒரே போக்கு தெரிந்தால் மட்டும் நம்புங்கள். வலக்கைக்காரருக்கு அதைப் படிக்கும் முறை இது:

• இறகில்லாதது மேலே விழுந்தால் பூட்டும் இடம் தாழ்வு. கீழே விழுந்தால் உயர்வு. இதை முதலில் சரிசெய்யுங்கள். பூட்டும் இடம் மிகத் தாழ்ந்தால் அம்பின் வால் தாங்கு விளிம்பில் மோதி மேலே துள்ளி, உயர்வானதைப் போலவும் காட்டும்; சந்தேகம் வந்தால் வேண்டுமென்றே நன்றாக உயர்த்திவிட்டு, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வாருங்கள்.
• இறகில்லாதது இடப்பக்கம் விழுந்தால் அம்பு விறைப்பு. முனையின் எடையைக் கூட்டுங்கள், அல்லது பக்கச்சுவரில் ஒட்டியிருக்கும் தோலை மெல்லியதாக மாற்றுங்கள்.
• வலப்பக்கம் விழுந்தால் அம்பு தளர்வு. முனையின் எடையைக் குறைக்கலாம். பக்கச்சுவரின் தோலைத் தடிப்பாக்கலாம். கடைசி வழியாகத் தண்டைக் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டலாம்.

வெட்டுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கார்பன் தண்டைச் சாதாரண இரும்பு வாளால் அறுத்தால் இழைகள் பிரிந்துவிடும். வேகமாகச் சுழலும் தேய்ப்பு வட்டால்தான் வெட்ட வேண்டும். தூளை மூச்சில் இழுக்காமல் முகமூடியும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். முழு இழுப்பில் அம்பின் தண்டு வில்லின் முன்பக்கத்தைத் தாண்டி ஓர் அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். அதைவிடக் குட்டையான அம்பு என்றைக்காவது ஒருநாள் விளிம்பிலிருந்து பின்னுக்கு விழுந்து உங்கள் கையைத் துளைக்கும்.

இந்தச் சோதனை இன்னொரு கேள்விக்கும் விடை தருகிறது. இறகுள்ளதும் இல்லாததும் ஒன்றாகவே விழுந்து, ஆனால் இரண்டுமே மையத்துக்கு இடப்பக்கம் இருந்தால், அம்பின் பொருத்தம் சரி. குறிபார்க்கும் கோடு பிழை. அப்போது அம்பைத் தொடாதீர்கள். நாணை நிறுத்தும் இடம் தாடையைவிட்டு விலகி, கண் அம்புக்கு நேர்மேலே இல்லாமல் போயிருக்கலாம். வில் பிடிக்கும் கை கைப்பிடியை இறுக்கி முறுக்கியிருக்கலாம். விடும் கை பின்னோக்கிப் போவதற்குப் பதிலாக, நாணை முகத்திலிருந்து வெளியே பறித்திருக்கலாம். உங்களுக்கு ஆதிக்கக் கண் எது என்றும் பாருங்கள். இரு கைகளையும் நீட்டிச் சிறு துளை அமைத்து, தொலைவிலுள்ள பொருளை இரு கண்களாலும் அதன் வழியே பார்த்தபின் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துளையிலேயே நிற்கிறதோ அதுவே ஆதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கமாக இருந்து, இரு கண்களையும் திறந்து எய்தால், அம்புகள் இடப்பக்கம் போவது எதிர்பார்க்க வேண்டியதே.

உங்கள் மூன்று யோசனைகள்

பக்கச்சுவரை அராவும் யோசனையை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். அம்பு மையத்துக்கு நெருங்கினால் விறைத்த தண்டையும் வில் ஏற்றுக்கொள்ளும். அந்த அளவில் உங்கள் சிந்தனை சரியான திசையில்தான் போயிருக்கிறது. ஆனால் அதே பலனைத் தோலை மெல்லியதாக்கியோ, முனையின் எடையைக் கூட்டியோ, ஒரு கீறலும் இல்லாமல் அடையலாம். முழு விசையையும் தாங்குவது கைப்பிடிப் பகுதி. அதன் மிக ஒடுங்கிய இடமே நீங்கள் அராவ நினைக்கும் இடம். அங்கே எவ்வளவு மரம் இருக்க வேண்டும் என்று செய்தவர் கணக்கிட்டிருப்பார். மேற்பூச்சு போனால் ஈரமும் நுழையும். இதைவிட முக்கியமானது உங்கள் உரிமை. வில்லுக்கு உத்தரவாதம் இருந்தால், நீங்கள் ஒருமுறை அராவியபின் விற்றவரோ செய்தவரோ அதை ஏற்க மறுக்கக்கூடும். அதில் உண்மையாகவே பிறவிக் குறை இருந்தாலும் அதை நிரூபிப்பது கடினமாகிவிடும்.

பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். நாணேற்றிய வில்லை நாண் உங்கள் பக்கம் இருக்குமாறு நிறுத்திப் பாருங்கள். நாண் வில்லின் மேற்கையையும் கீழ்க்கையையும் நடுவே பிளப்பதுபோல் ஓட வேண்டும். இரு நுனிகளின் பள்ளங்களிலும் மையமாக அமர வேண்டும். வில்லின் ஒரு கை முறுகியிருந்தால் படம் எடுத்து, எதையும் மாற்றாமல், எழுத்து மூலம் விற்றவருக்குத் தெரிவியுங்கள். வில்லைக் காலிடையே நுழைத்து வளைத்து நாணேற்றும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அந்த முறுக்கு உங்களாலும் வந்திருக்கலாம். நாணேற்றும் கயிற்றைப் பயன்படுத்துங்கள். வெயிலில் பூட்டிக் கிடக்கும் வாகனத்துக்குள் அடுக்கு வில்லை விட்டுவைக்காதீர்கள்.

55 பவுண்டு வில் வாங்குவதை நான் நேரடியாகவே மறுக்கிறேன். செருப்புக்கு ஏற்பக் காலை வெட்டுவது போன்றது அது. 45 பவுண்டு வில்லிலேயே அரைமணி நேரத்தில் உங்கள் இழுப்பு சுருங்குகிறது. இன்னும் 10 பவுண்டு கூடினால் தொடக்கத்திலிருந்தே சுருங்கும். அதன் விலையைத் தோள்பட்டையைச் சுற்றியுள்ள தசைநாண்கள் கொடுக்கும். உங்கள் வயதில் அவை கிழிந்தால் ஆறப் பல மாதங்கள் ஆகும். ஏற்கெனவே தோளில் வலி இருந்தால் எய்வதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலி இல்லையென்றாலும், வாய்ப்புக் கிடைத்தால் 30 அல்லது 35 பவுண்டு வில் ஒன்றை இரவல் வாங்கிச் சில மாதம் பழகச் சொல்வேன். மெல்லிய வில்லுக்கு இறங்குவதைப் பலர் அவமானமாகக் கருதுகிறார்கள். விடுப்பு சீராவதற்கு அதைவிடக் குறுகிய வழியை நான் பார்த்ததில்லை.

உங்கள் பயிற்சி முறையையும் சிறிது மாற்றுங்கள். வாரத்துக்குச் சில நாட்கள் மூன்று மீட்டர் தொலைவில் வெறும் பலகையின் முன் நின்று, இலக்குத் தாள் இல்லாமல், எய்யுங்கள். மையம் கண்ணில் படாவிட்டால் அதைப் பிடிக்கும் அவசரமும் இருக்காது. நாண் முகத்தில் நிற்கும் இடம், முதுகுத் தசையின் இழுப்பு, விரல்களின் தளர்வு ஆகியவை அப்போதுதான் உணர்வில் படும். கோடு போட்ட தண்டில் உங்கள் இழுப்பு அரை அங்குலம் குறையத் தொடங்கும் இடம் எதுவோ, அதுவே அன்றைய பயிற்சியின் முடிவு. அதற்குமேல் எய்யும் ஒவ்வோர் அம்பும் குறுகிய இழுப்பையே உடலுக்குக் கற்றுக்கொடுக்கும்.

கடைசியாக, தவறு யாருடையது என்று கேட்டிருந்தீர்கள். இப்போது தெரிவதை வைத்துச் சொன்னால், வில் குற்றமற்றது. பழைய அம்பு பெரும்பாலும் சரியானது. புதிய அம்பு உங்களுக்கு உரியதல்ல. நடுவில் உங்கள் இழுப்பு சுருங்கியிருக்கிறது. இதில் உங்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கிடைத்த ஆலோசனையை நம்பினீர்கள். அந்த ஆலோசனை எதையும் அளக்காமல் சொல்லப்பட்டது.

புதிய அம்புகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பிளாஸ்டிக் இறகை எடுத்துவிட்டுப் பறவை இறகு ஒட்டுங்கள். நீளத்தை வெட்டாமல், 200 அல்லது 250 கிரெய்ன் முனை பொருத்தி இறகில்லாச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். முனை கனத்தால் அதே தண்டு கூடுதலாக வளையும், சில வில்களில் அதுவே போதுமானதாகிவிடும். அம்பு மெதுவாகப் போகும், தொலைவில் அதிகம் தாழும். கனமான அம்பு வில்லுக்குக் கேடு செய்யாது. அப்படியும் இடப்பக்கமே நின்றால் 400 அம்புகளை வலிமையான வில் வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிட்டு 600 அம்புகளிலேயே நில்லுங்கள். மொத்த அம்பின் எடை, உங்கள் உண்மையான இழுவிசையில் பவுண்டுக்கு 8 கிரெய்னுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வில்லைச் செய்தவர் அதைவிடக் கூடுதல் வரம்பு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். மீண்டும் எழுதுவதானால் நான்கு விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள்: களைப்புக்கு முன்னும் பின்னும் அளந்த இழுப்பு நீளம், அந்த நீளத்தில் தராசு காட்டிய பவுண்டு, நாணின் உயரம், இறகில்லாத அம்புகள் விழுந்த பக்கம்.